2,700 பேர் நடுவே தன்னந்தனியாக!

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது சவுதாம்ப்டன் துறைமுகம். அங்கே கரையோடு கயிறு கட்டி நிற்கிறது ஒரு ராட்சதக் கப்பல். பெயர், "குயீன் மேரி 2."

அதன் நீளம் 1,132 அடி. அடிப்பாகத்திலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை 236 அடி உயரம். பிரயாணிகள் சுமார் 2,700 பேர். அவர்களைக் கவனிக்கச் சிப்பந்திகள் சுமார் 1,250 பேர். பிரான்ஸ் தேசத்தில் கட்டிய இந்தக் கப்பல் 2004-ம் ஆண்டு ஜனவரியில் தன் முதல் பிரயாணத்தைத் தொடங்கியது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் போய்ச் சேர ஏழு இரவுகள் ஆகும்.

அறுபத்தைந்து வயதான ஓர் அம்மாள் இந்தக் கப்பலில் ஏற வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு அவரவர் வேலை. கூட வர ஆள் இல்லை. துணிந்து ஒற்றை ஆளாகப் புறப்பட்டுவிட்டார். அவருடைய முதல் நாள் எப்படி இருக்கும்?

ஒரு வயிற்றுக்கு இரண்டு இலை!

கப்பல் ஏறும் முன்பே ஒரு சங்கடம் உண்டு. உல்லாசக் கப்பல்களில் அறைகள் இரண்டு பேருக்கு என்றே கணக்கிடப்பட்டவை. ஓர் ஆள் மட்டும் தங்கினால், காலியாக இருக்கும் இன்னொரு கட்டிலுக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். பல கப்பல்களில் இது ஏறக்குறைய இரட்டைக் கட்டணம் ஆகிவிடும். சாப்பிடுவது ஒரு வயிறு. காசு இரண்டு இலைக்கு!

தனி ஆட்கள் நெடுங்காலம் முணுமுணுத்தார்கள். மெதுவாகத்தான் பலன் கிடைத்தது. 2010-ல் கடலில் இறங்கிய "நார்வீஜியன் எபிக்" என்ற கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே 128 சிறு அறைகள் கட்டினார்கள். கடலைப் பார்க்க ஜன்னல் கிடையாது. ஆனால் அந்த அறைக்காரர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு கூடம் உண்டு. "குயீன் மேரி 2" கப்பலை 2016-ல் புதுப்பித்தபோது, அதிலும் ஒற்றை அறைகள் 15 சேர்த்தார்கள். இவற்றுக்குக் கடல் பார்த்த ஜன்னல் இருக்கிறது. ஆனால் 2,700 பேர் போகும் கப்பலில் 15 அறைகள் எந்த மூலைக்கு?

பெட்டி வரும், எப்போது வரும்?

துறைமுகத்து வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள். பெட்டியில் அறை எண் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். அது நேராக அறை வாசலுக்கு வந்துவிடும். ஆனால் பல மணி நேரம் ஆகலாம். ஆயிரக்கணக்கான பெட்டிகள் அல்லவா? ஆகையால் மருந்து, மாத்திரை, மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையிலேயே இருக்க வேண்டும். இரண்டு பேர் வந்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் ஞாபகப்படுத்துவார். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை.

பாஸ்போர்ட்டைப் பார்த்து, முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, ஓர் அட்டை கொடுக்கிறார்கள். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுதான் இருக்கும். அதுதான் அறைச் சாவி, அதுதான் பணப்பை. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. வாங்குவதெல்லாம் அட்டையில் ஏறும். கடைசி நாளில் பில் வரும். முதல் நாள் கையை வீசிச் செலவழித்துவிட்டுக் கடைசி நாள் விழிப்பவர்கள் உண்டு!

உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாள் திகைத்துப் போகிறார். கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடக்கும் நடைக்கூடங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். முதல் நாள் எல்லோருக்கும் வழி தப்பும். கப்பலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிந்துகொள்ளவே ஒரு நாள் வேண்டும்.

பார்ப்பதற்குத்தான் எவ்வளவு! நாடகக் கொட்டகை இருக்கிறது. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் கொண்ட நூல்நிலையம் இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கிறது. படுத்துக்கொண்டே நட்சத்திரங்களைப் பார்க்கும் கோளரங்கம்கூட இருக்கிறது. நாய்களுக்கும் இங்கே டிக்கெட் உண்டு. மேல்தளத்தில் 24 நாய்க் கூண்டுகள் இருக்கின்றன. நாய்கள் காலைத் தூக்க வசதியாக இங்கிலாந்து விளக்குக் கம்பம் ஒன்றும், நியூயார்க் தெருவில் இருக்கும் தீயணைப்புக் குழாய் ஒன்றும் நட்டு வைத்திருக்கிறார்கள்!

ஏழு சிறு ஊதல், ஒரு நீண்ட ஊதல்

வேடிக்கை பார்த்தது போதும். கப்பல் புறப்படுமுன் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அது ஆபத்து ஒத்திகை.

சங்கு ஏழு தடவை சிறிதாக ஊதி, எட்டாவது தடவை நீளமாக ஊதினால் ஆபத்து என்று பொருள். உடனே கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, குறித்த இடத்தில் கூட வேண்டும். அந்த இடம் எது என்பது அறைக் கதவின் உட்புறம் எழுதியிருக்கும். மிதவைச் சட்டையை அணிவது எப்படி என்றும் காட்டுகிறார்கள்.

"இதெல்லாம் எதற்கு? நடக்கவா போகிறது?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. இதே சவுதாம்ப்டனிலிருந்துதான் 1912-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி "டைட்டானிக்" புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். படகுகளில் இடமோ 1,178 பேருக்குத்தான். 1,500 பேர்போல் மாண்டார்கள். அதன் பிறகே கடல் பிரயாணப் பாதுகாப்புக்கென்று 1914-ல் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன.

பின்னால் வந்த விதிகளிலும் ஓர் ஓட்டை இருந்தது. கப்பலில் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்று விட்டிருந்தார்கள். 2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி இரவு, இத்தாலியின் ஜீலியோ தீவருகே "கோஸ்டா கன்கார்டியா" என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை கப்பல் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். மோதியபோது கப்பல் துறைமுகத்தை விட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை! இருட்டில் எங்கே போவது என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள்.

2015 முதல் விதி மாறிவிட்டது. கப்பல் புறப்படும் முன்பு, அல்லது புறப்பட்ட உடனே, ஒத்திகை நடந்தாக வேண்டும். 2020-ல் கொரோனா பரவிய பிறகு பல கப்பல்களில் கூட்டம் கூடுவதைக் குறைத்திருக்கிறார்கள். விளக்கத்தை அறையில் உள்ள டெலிவிஷனில் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்கு அவரவர் நேரில் போய் அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையைக் காட்டாதவர் பெயர் தனியே நிற்கும், அவரைத் தேடுவார்கள்.

குடும்பத்தோடு வந்தவர்களுக்கு இது ஒரு தொந்தரவாகத் தோன்றலாம். குழந்தை காணோம் என்றால் தாய் தேடுவாள். மனைவி காணோம் என்றால் கணவன் கத்துவான். தனியாக வந்த அந்த அம்மாளைக் காணோம் என்று சொல்ல இந்தக் கப்பலில் யார் இருக்கிறார்கள்? அந்த அட்டைதான் இருக்கிறது. சிப்பந்தி அதை வாங்கிப் பதிந்துகொண்டு "நன்றி, அம்மா" என்று சொல்லும்போது, கப்பலின் கணக்கில் அவரும் ஒருவர் ஆகிவிடுகிறார்.

பத்து மைல் கேட்கும் சங்கு

கயிறுகளை அவிழ்க்கிறார்கள். சங்கு முழங்குகிறது. 1936-ல் ஓடத் தொடங்கிய பழைய "குயீன் மேரி" கப்பலின் சங்கு ஒன்றை இந்தக் கப்பலில் பொருத்தியிருக்கிறார்கள். பத்து மைல் தூரம் கேட்குமாம்! மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு நெஞ்சுக்குள்ளேயே ஒலிப்பது போல இருக்கும்.

ஜோடி ஜோடியாக நின்று கைகுட்டை அசைக்கிறார்கள். தனியாக வந்தவர்களுக்கு மனம் கனக்கும் நேரம் இதுதான். பேச்சுக் கொடுக்கவும் இதுதான் நல்ல நேரம். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், "எந்த ஊர்?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வயிற்றைப் புரட்டுமோ என்ற பயமும் இருக்கும். கப்பலின் இரு பக்கமும் மீன் துடுப்பு போல நான்கு இறக்கைகள் நீருக்குள் நீண்டு, ஆட்டத்தைக் குறைக்கின்றன. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளில் ஆட்டம் இன்னும் குறைவு.

யார் பக்கத்தில் உட்காருவது?

இரவுச் சாப்பாடுதான் பெரிய பரீட்சை. பளபளக்கும் பெரிய மண்டபம். வாசலில் நின்று "ஒருவர்தான்" என்று சொல்ல எத்தனையோ பேருக்கு நாக்கு எழாது. அறைக்கே சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். முதல் இரவே அப்படிப் படுத்தவர்களுக்கு மறுநாள் வெளியே வருவது இன்னும் கஷ்டம்.

விரும்பிக் கேட்டால், தனி ஆட்களைப் பெரிய மேஜையில் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். சூப் வரும்வரை மௌனம். ரொட்டித் தட்டைக் கைமாற்றும்போது ஒரு வார்த்தை. கடைசியில் பேரக்குழந்தை படங்கள் வெளியே வந்துவிடும்!

சாப்பாட்டுக்குப் பிறகு நடன மண்டபம். தனியாக வரும் பெண்களுடன் ஆடுவதற்கென்றே கண்ணியமான ஆடவர்களைக் கப்பல்காரர்கள் அமர்த்தியிருக்கிறார்கள். ஒருவருடனேயே தொடர்ந்து ஆடக்கூடாது. எல்லோருக்கும் முறை வர வேண்டும். காதல், கீதல் என்று போனால் வேலை போய்விடும்!

பியாட்ரிஸ் முல்லர் என்ற அமெரிக்க மாது இப்படி நடனத்திலும் சீட்டாட்டத்திலும் பொழுது போக்கியவர். "குயீன் எலிசபெத் 2" என்ற கப்பலில் பிரயாணம் செய்தபோது, 1999-ல் அவர் கணவர் கப்பலிலேயே காலமானார். மறு ஆண்டு அந்தக் கப்பலுக்கே குடிவந்துவிட்டார் அந்த விதவை. 2008-ல் கப்பல் ஓய்வு பெறும்வரை அவருக்கு வீடு அதுதான்.

25 மணி நேர நாள்

நியூயார்க் நேரம் இங்கிலாந்து நேரத்துக்கு ஐந்து மணி பிந்தியது. ஆகையால் மேற்கே போகும்போது, ஏழு இரவுகளில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அந்த இரவுகளில் ஒரு மணித் தூக்கம் இனாம்.

அந்த அம்மாள் அறைக்குத் திரும்புகிறார். பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது. மேஜை மேல் மறுநாள் நிகழ்ச்சி நிரல் கிடக்கிறது. சொற்பொழிவு, சங்கீதம், சீட்டாட்டம் என்று பத்தி பத்தியாக அச்சடித்திருக்கிறது. அதில் ஓரிடத்தில், தனியாக வந்தவர்கள் கூடிக் காபி சாப்பிடும் நேரம் போட்டிருக்கிறது.

கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரியின் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு விளக்கை அணைக்கிறார்.