சருகுத் தீயும் நெல்லி மரமும்

சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் நிற்கிறது பிலிகிரி ரங்கன மலை. இது சோளகர் என்னும் பழங்குடியினரின் தாய்நிலம்.

கோடை தொடங்கும்போதே உதிர்ந்த சருகுக்குச் சிறுதீ வைப்பது சோளகர் வழக்கமாக இருந்தது. அவர்கள் மொழியில் அது ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத் தீ. தரையோடு தவழ்ந்து அடங்கிவிடும் தீ அது. 1974-இல் இம்மலை சரணாலயமான பின் அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. அதன்பின் உண்ணிச்செடி புதர்புதராய் மண்டியது.

1990-களில் பெங்களூரின் ஏட்ரீ என்னும் சூழலியல் நிறுவன ஆய்வாளர்கள் சோளகரோடு சேர்ந்து நெல்லி மரங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். காய் பறிப்பதால் மரம் குறைகிறதா என்பது ஆய்வாளர்களின் கேள்வி. தீ நின்றதால், கிளையில் ஒட்டி வாழும் புல்லுருவி பெருகி மரத்தைக் கொல்கிறது என்பது சோளகர் தந்த விளக்கம். நெல்லியைப் புல்லுருவி நலிவிப்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. அளவுநாடாவும் அனுபவமும் ஒரே மரத்தடியில் சந்தித்தன.

2011-இல் இந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் வன உரிமைச் சட்டப்படி சோளகர் கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது.

நெல்லி மரத்தைக் கண்டால் அண்ணாந்து பாருங்கள். மெல்லிய இலைகளுக்கு நடுவே தடித்த இலைக்கொத்து தெரிந்தால், அதுதான் புல்லுருவி.