கிணறு உவர்த்த ஊர்கள்

ராஸ் அல் கைமா நகரை விட்டுத் தெற்கே ஹஜர் மலையடிவாரமாகப் போனால் திக்தாகா, ஹம்ரானியா, கத் என்று ஊர்கள் வருகின்றன. அமீரகம் என்றாலே மணலும் கண்ணாடிக் கோபுரமும் நினைவுக்கு வருகிற நமக்கு அங்குள்ள பேரீச்சைத் தோப்புகள் வியப்பூட்டும். மலையில் பெய்யும் மழை காட்டாறாக இறங்கி, அடிவாரத்துச் சரளை நிலத்தில் ஊறித் தங்குகிறது. ஆண்டுக்கு 100 மி.மீ. சொச்சம்தான் மழை. தமிழ்நாட்டின் சராசரியோ 900 மி.மீ.க்கும் மேல்.

அந்தச் சிறு ஊற்றை நம்பித்தான் 1955இல், பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த காலத்தில், திக்தாகாவில் வேளாண் சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. எண்ணெய்ப் பணம் புரளுவதற்கு முந்தைய முயற்சி அது. 1972இல் ராஸ் அல் கைமா அமீரகக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு அரசின் கை தாராளமானது. குடிமக்களுக்கு நிலம் கிடைத்தது, கிணறு தோண்ட உதவி கிடைத்தது, விதையும் உரமும் மானிய விலையில் வந்தன. நாடோடிக் குடும்பங்கள் ஓரிடத்தில் வாழவும் உள்ளூரில் காய்கறி விளையவும் அந்தக் கொள்கை வழி செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தண்ணீருக்கு விலையோ வரம்போ வைக்காமல் விட்டது பெரும் பிழை. மழை சேர்த்ததைவிடப் பல மடங்கு நீரை டீசல் பம்புகளும் மின் பம்புகளும் இறைத்தன. நீர்மட்டம் இறங்க இறங்க உவர் நீர் ஏறியது. முதலில் காய்கறி கருகியது. உப்பைத் தாங்கும் பேரீச்சையும் பிறகு பல தோட்டங்களில் வாடியது. சில இடங்கள் கைவிடப்பட்டன.

கூடவே வந்தவை வேறு இரண்டு. தென்னை விவசாயிகளுக்கு நன்கு பழகிய சிவப்புக் கூன்வண்டு 1985இல் ராஸ் அல் கைமாவில் கண்டறியப்பட்டு, பின்னர் வளைகுடாப் பேரீச்சைக்கே பெரும் பகையானது. பசுமைக்காகக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் காட்டாற்றுப் படுகைகளையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்டு, ஆழத்து நீரையும் உறிஞ்சியது. ராமநாதபுரத்து மக்கள் இந்தக் கதையை உடனே புரிந்துகொள்வார்கள். அதற்கு உறவான வன்னி மரமோ அந்த மண்ணின் சொந்தப் பிள்ளை. 2008இல் அது தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது.

மீட்பு முயற்சிகள் நெடுநாளாகவே நடக்கின்றன. வாதி பீஹ் காட்டாற்றில் 1980களில் கட்டிய அணை, வெள்ளத்தைத் தடுத்து நிலத்தடிக்கு அனுப்பும் நோக்கமுடையது. வண்டல் படிந்தால் ஊறும் வேகம் குறையும் என்பதால் தூர் வாருவதும் அணை கட்டுவது அளவுக்கு முக்கியம். சொட்டுநீர்ப் பாசனமும் மண்ணில்லாச் சாகுபடியும் இப்போது ஊக்குவிக்கப்படுகின்றன. துபாயில் 1999 முதல் இயங்கும் உவர்நில வேளாண் ஆய்வு மையம், உப்பு நீரில் வளரும் கீன்வா, சாலிகோர்னியா போன்ற பயிர்களைச் சோதித்துவருகிறது. உவர்க் கிணற்று நீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுவதும் உண்டு. அப்போது மிஞ்சும் கடும் உப்பு நீரைத் தோட்டத்திலேயே கொட்டினால் சிக்கல் திரும்பவும் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

2018இல் வெளியான தேசிய உணவுப் பாதுகாப்புத் திட்டம் 2051ஐ இலக்காகக் கொண்டது. உள்ளூர்ப் பண்ணைகளைப் பெருக்க 2024இல் இன்னொரு தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பண்ணைகளின் எண்ணிக்கை கூடுவதைவிட ஒவ்வொரு கிலோ விளைச்சலுக்கும் செலவாகும் நீர் குறைவதே முக்கியம். இந்தப் பண்ணைகளில் வால்வைத் திறந்து மூடுபவர்கள் பெரும்பாலும் தெற்காசியத் தொழிலாளர்கள். நீர்ச் சிக்கனப் பயிற்சி உரிமையாளரோடு நின்றுவிடாமல், அவர்களுக்கும் அவரவர் மொழியில் கிடைக்க வேண்டும்.