கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு மகளை உட்கார வைத்து, பீர்க்கங்காய் நாரால் அவள் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அக்கா. ஒரு கிண்ணத்தில் கடலை மாவும் தயிரும், இன்னொன்றில் பிழிந்த எலுமிச்சை. "எரியுதும்மா, போதும்" என்று அவள் கெஞ்சினாள். அக்கா விடவில்லை. "நீயே பார் தம்பி, எவ்வளவு அழுக்கு! ஒழுங்காத் தேய்ச்சுக் குளிக்கிறதே இல்லை. செயின் போட்டா வெளியில காட்ட முடியுமா?" என்றார் என்னிடம்.

அவளுக்கு 15 வயது. ஒரு வருடமாகவே, பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம், எவ்வளவு வெயிலானாலும் முடியை அவிழ்த்துவிட்டுத்தான் இருப்பாள். இந்தக் காலத்து ஸ்டைல் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வகுப்பில் பின் இருக்கைப் பிள்ளை ஒருத்தி கழுத்தைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

தீபாவளி முடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல். பக்கத்தில் இருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைப்பதற்காக முடியை ஒதுக்கிய டாக்டர், சற்று நேரம் கழுத்தையே பார்த்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பிடரியை இரண்டு முறை அழுத்தித் துடைத்து, அந்தப் பஞ்சை அக்காவிடம் காட்டினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. "அழுக்கா இருந்தா இதுல வந்திருக்கணும்" என்றார். பிறகு காய்ச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு கேள்விகள் கேட்கத் தொடங்கினார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? வீட்டில் யார் யாருக்கு இனிப்புநீர் இருக்கிறது?

எங்கள் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் கிடையாது. இனிப்புநீர் எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கும் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

தோலுக்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கறுப்புக்கு மருத்துவத்தில் 'அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்' என்று பெயர். பெயர் மறந்தாலும் பாதகமில்லை, அது எப்படி உண்டாகிறது என்பதுதான் முக்கியம். நாம் சாப்பிடும் உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் சேர்ப்பது இன்சுலின். சிலருக்கு, குறிப்பாக வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு, அணுக்கள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. காது மந்தமானவரிடம் நாம் குரலை உயர்த்திப் பேசுவதுபோல, கணையமும் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. ரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிப் போன அந்த இன்சுலின் தோலின் அணுக்களையும் தூண்டிவிடுகிறது. அவை வேகமாகப் பெருகுகின்றன. தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகி, கறுத்துத் தெரிகிறது.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கலாம். கணையம் இரட்டை வேலை பார்த்துச் சர்க்கரையை இறக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் நார்மல், அப்படியென்றால் கழுத்துக் கறுப்புக்கு வேறு ஏதோ காரணம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். கணையம் களைத்துப் போய்ச் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அத்தனை ஆண்டுகளாகக் கழுத்து சொல்லிக்கொண்டிருந்ததை நாம் நார் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

நம்மில் பலருக்கு நிறமே மாநிறம், கறுப்பு. அதனால் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். விரலால் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணியைத் தொட்டதுபோல மெத்தென்று, கொஞ்சம் தடிப்பாக இருக்கும். வரிகள் ஆழமாக ஓடும். பெரும்பாலும் பிடரியில் தொடங்கி இரு பக்கமும் பரவும். அக்குள், தொடை இடுக்கு, முழங்கை, விரல் முட்டிகளிலும் வரலாம். கூடவே கழுத்திலும் அக்குளிலும் சின்னச் சின்ன மருக்கள் தொங்கினால், இன்சுலின் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க அதுவும் ஒரு காரணம். கவரிங் செயின் ஒத்துக்கொள்ளாமல் வரும் கறுப்பு இப்படி இருக்காது. அது முதலில் அரிக்கும், சிவக்கும், செயின் படும் தடத்தில் மட்டும்தான் இருக்கும்.

மருமகளிடம் மாதவிடாய் பற்றி டாக்டர் கேட்டதற்கும் இதே இன்சுலின்தான் காரணம். அது மிகுந்துவிட்டால் சினைப்பைகளை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். மாதவிடாய் தள்ளிப் போவது, தாடையில் முடி, அடங்காத முகப்பரு எல்லாம் சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்பது அன்று அந்த அறையில்தான் அக்காவுக்கே தெரிந்தது.

நம் சமூகத்தின் கணக்கு

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் இருப்பவர்கள் இந்தியர்கள். அதனால்தான், 'நான் ஒன்றும் அவ்வளவு குண்டில்லையே' என்ற சமாதானம் நமக்கு உதவாது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடைதான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. அலுவலக நாற்காலியில் ஒன்பது மணி நேரம், நடுவில் இரண்டு தே தாரேக், இரவு பத்து மணிக்கு மாமாக் கடை என்று வாழும் 28 வயது இளைஞர்கள் ஓர் அளவு நாடாவை எடுத்துப் பார்க்கட்டும். (நானும் பார்த்தேன். எண்ணைக் கேட்காதீர்கள்.)

இதற்கெல்லாம் போகாமல் நாம் செய்வது, கிரீம் வாங்குவது. பாசார் மாலாமிலும் இணையத்திலும் "ஏழே நாளில் வெள்ளை" என்று விற்கும் டப்பாக்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துவிட்டது. பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் போன்றவை கலந்திருந்ததாகப் பல பொருள்களின் விற்பனை தடை செய்யப்பட்டிருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுத்தை வெளுக்கப் போய்ச் சிறுநீரகத்தை இழப்பது எந்த ஊர் நியாயம்? தேய்ப்பதும் அப்படித்தான். உரசலால் தோல் இன்னும் தடிக்குமே தவிர வெளுக்காது.

இன்சுலின் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சில மருந்துகளாலும் இந்தக் கறுப்பு வரும், அரிதாகச் சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. நடுவயதைத் தாண்டிய ஒருவருக்குச் சில வாரங்களிலேயே திடீரென்று பரவி, உள்ளங்கையும் தடித்து, உடல் எடையும் காரணமில்லாமல் குறைந்தால், உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

கழுத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. கண் இமையின் உள்ளோரத்தில் மஞ்சள் நிறத்தில் திட்டு படிந்தால் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். கெண்டைக்காலின் முன்பக்கம் பழைய காயத் தழும்பு போலப் பழுப்புப் புள்ளிகள், இடுக்குகளில் திரும்பத் திரும்பப் படை, ஆறாத புண் ஆகியவை நீரிழிவின் பக்கம் கைகாட்டும். தடிப்போ படையோ எதுவும் தெரியாமல் உடம்பெல்லாம் விடாமல் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள்.

எங்கே போவது?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். பி40 குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்கள் 'பெக்கா பி40' திட்டத்தின் கீழ் தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். போகும்போது "கழுத்து இப்படி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு 'எச்பிஏ1சி' சோதனையும் கேளுங்கள். கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியை அது காட்டும். மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 5.7க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.2 வரை நீரிழிவின் முன்நிலை, 6.3 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.

முன்நிலையில் பிடித்துவிட்டால் தடுக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்கவும் வாரத்தில் 150 நிமிடம் நடக்கவும் பழக்கப்பட்டவர்களுக்கு, நீரிழிவாக மாறும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதே வழியில் கிடைத்த பலன் ஏறத்தாழ 28 விழுக்காடு. நம் ஆட்களுக்குப் பலன் பாதிதானா என்று எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் காலை நினைத்தால் 28 சிறிய எண்ணாகத் தெரியவில்லை. இன்சுலின் இறங்கினால் கழுத்தும் மெல்ல மெல்லத் தெளியும். அதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும்.

மருமகளின் முடிவுகள் வந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.4, இயல்பு. எச்பிஏ1சி 5.9. மருந்து இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். கிளம்பும் நேரத்தில் அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார். சின்னவன் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை ஏறியது, பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது, அதோடு பார்க்கவில்லை என்றார் அக்கா. சின்னவனுக்கு இப்போது ஒன்பது வயது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் மறந்துவிட்டதா தெரியாது. அக்காவுக்கு 6.9.

இப்போது அக்கா மாத்திரை சாப்பிடுகிறார். மாலை ஆறரை மணிக்குத் தாயும் மகளும் தாமானைச் சுற்றி நடக்கிறார்கள். வீட்டில் சிராப்பும் மைலோவும் வாங்குவதில்லை. அதற்குச் சின்னவன் இன்னும் சண்டை போடுகிறான். மருமகளின் கழுத்து முழுதாகத் தெளியவில்லை, கொஞ்சம் மங்கியிருக்கிறது. போன வாரம் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடக்கப் போனாள் என்று அக்கா போனில் சொன்னார். பின்னாலிருந்து சின்னவனின் சத்தம் கேட்டது. அக்கா அவன் சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.