காரின் கிளட்சும் காலின் அவசரமும்

நாகபுரியில் வாழும் நமது சங்கத்து அன்பர்களுள் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டுவோர் தொகை பெருகி வருகிறது. வாங்கிய மறுமாதமே, “கியர் விழ நேரமாகிறது, கிளட்சை மாற்றியமைத்தால் வண்டி பறக்கும்” என்று வீட்டு இளைஞர்கள் தொடங்கிவிடுகிறார்கள். நாமும் மைத்துனரின் சொல்லைக் கேட்டு அக்காரியத்தில் இறங்கியவர்களே. ஆதலின் இதை எழுதத் துணிந்தோம்.

மாருதி 800 போன்ற சிறு கார்களில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிள். ஹைட்ராலிக் கிளட்சில் அவ்வேலையை எண்ணெய் செய்கிறது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். அது குழாய் வழியே சென்று, கியர்ப்பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை அசைக்கும். கிளட்ச் விடுபடும். எண்ணெய் அமுங்காது, ஆகவே கால் இட்ட கட்டளை சிந்தாமல் போய்ச் சேரும். காற்றுக் குமிழி புகுந்துவிட்டாலோ, மிதியின் ஒரு பங்கு அக்குமிழியை அமுக்குவதிலேயே கழிந்துபோகும். கிளட்ச் முழுதும் விடுபடாது, கியர் கரகரக்கும். ரயிலில் காற்றே பிரேக்கை இயக்கும் துணைவன். இங்கே அதே காற்றுப் பகைவன்!

சில கார்களின் குழாயில் ஒரு சிறு தடை வால்வு உண்டு. பி.எம்.டபிள்யூ. கார்களில் இது பெயர் பெற்றது. காலைச் சட்டென எடுத்தாலும், எண்ணெய் அதிலுள்ள நுண்துளை வழியே மெல்லத்தான் திரும்பும். கிளட்ச் மெல்லப் பற்றும். பழக்கமில்லாத காலிடமிருந்து கியர்ப்பெட்டியையும் அச்சுகளையும் காக்கவே அந்த ஏற்பாடு. அதை எடுத்துவிட்டால் கிளட்ச் காலோடு ஒட்டி நடக்கும். வேகமாகக் கியர் மாற்ற விரும்புவோர் செய்யும் முதல் மாற்றம் இதுவே. நமது வண்டியிலும் அதைத்தான் செய்வித்தோம்.

மைத்துனர் அத்தோடு நிற்கவில்லை. பெரிய மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும் என்றார். கணக்கு எழுதியே பிழைக்கும் நாம் ஒரு தாளை எடுத்தோம். ஐந்தெட்டாம் அங்குல விட்டத்துக்குப் பதில் முக்கால் அங்குலம் வைத்தால் பரப்பு 1.44 மடங்காகும். பெடலின் ஓட்டம் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறையும். மிதிக்க வேண்டிய பலமோ 44 சதவிகிதம் கூடும். கடைவீதி நெரிசலில் நூறு முறை மிதிக்க வேண்டிய முழங்காலை எண்ணி அதைக் கைவிட்டோம். தவிர, கியர்ப்பெட்டிக்குள் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களுக்குத் தமக்கென ஒரு கணம் வேண்டும். கிளட்சை எவ்வளவு மாற்றினாலும் அக்கணத்தை விலைக்கு வாங்க முடியாது.

பட்டறை வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வண்டியும் சொன்னபடி கேட்டது. பத்து நாள் கழித்துக் குடும்பத்தோடு ராம்டேக் சென்று ராமரைத் தரிசித்துத் திரும்பினோம். வழியில் ஒரு ரயில்வே கேட். ரயில் போய்க் கேட் திறந்ததும் வண்டிகள் ஊர்ந்தன. முன்னே சென்ற லாரி திடீரென நிற்க, நாமும் கிளட்சை மிதித்தோம். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, மேலே வரவில்லை. கிளட்ச் விடுபடாமையால் பிரேக்கை அழுத்தியதும் என்ஜின் அணைந்தது. முன் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தன. பின் சக்கரங்கள் தாண்டவில்லை!

அவ்விடத்தில் நிற்பதன் பொருள் ரயில்வே ஊழியருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலில் மனைவியையும் குழந்தைகள் இருவரையும் இறக்கி அப்பால் போகச் சொன்னோம். பிறகு கியரை நியூட்ரலுக்கு இழுத்தோம். ஓடிவந்த கேட்மேனும் பின்னால் ஆட்டோவில் இருந்தவர்களும் தள்ள, வண்டி கடந்தது. இரண்டு நிமிடங்கூட ஆகியிராது. நம் கைகள் நடுங்கியது மட்டும் வெகுநேரம் நிற்கவில்லை.

முதல் கியரில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றியிருந்தால் வண்டி சில அடி நகர்ந்திருக்கும் என்று பிறகு ஒரு டிரைவர் சொன்னார். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் தவிர, மற்றவற்றில் இது பலிக்கும்.

காரணம் அற்பமானது. வால்வை எடுத்துவிட்டுக் குழாயைப் பொருத்தியபோது, இணைப்பில் பழைய ரப்பர் வளையத்தையே மறுபடி போட்டிருக்கிறார்கள். எண்ணெய் துளித்துளியாய்க் கசிந்து தீர்ந்திருக்கிறது. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நம் வண்டியில் ஒரே எண்ணெய்க் கிண்ணம். ஆனால் கிளட்ச் குழாய் கிண்ணத்தின் மேற்புறத்திலிருந்து புறப்படுவதால் பிரேக்கின் பங்கு அடியில் தங்கியிருந்தது. அவ்வாறு அமைத்த எஞ்சினீயரை நாம் மனத்தால் வணங்கினோம்.

புதிய வளையம் போட்டு, கிண்ணத்தில் டாட் 4 எண்ணெய் நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றினோம். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்கும். ஈரமேறிய பின் 155 டிகிரிக்கு மேல் உத்தரவாதமில்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நலம். என்ஜின் ஆயிலை மறந்தும் இதில் ஊற்றலாகாது. ரப்பர் உறைகள் ஊதிக் கெடும். இது பெயிண்டையும் தின்னும். சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவுக.

வேடிக்கை என்னவெனில், பழைய எண்ணெயை மாற்றிக் காற்றை நீக்கியபோதே கியர் மாற்றத்தின் கரகரப்பு பெரும்பாலும் போய்விட்டது. வால்வை எடுக்காமலே இந்த அளவு கிடைத்திருக்கும் என்று மைத்துனரிடம் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. நம் இல்லத்தரசியோ இருவர் பேச்சையும் கேட்பதில்லை. இரவில் வண்டியடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் அதில் ஈரப்புள்ளி உண்டா என்று பார்த்த பிறகே காப்பி போடுகிறாள்.