மெட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில், சவாய் நிறுவனத்துக்காக சார்லி பார்க்கரின் குழு ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தது. பார்க்கரின் சாக்ஸபோனும் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ட்ரம்பெட்டும் வேகமான முன்னிசையை முடித்து, 1938இல் ரே நோபல் எழுதிய ‘செரோக்கி’யின் மெட்டுக்குள் நுழைகின்றன. கொஞ்ச நேரத்தில் இசை பாதியில் அறுந்து நிற்கிறது. அந்த அரைகுறைப் பதிவை இன்றும் கேட்கலாம். மறுபடி வாசித்தபோது செரோக்கியின் மெட்டு அறவே இல்லை. முன்னிசை முடிந்ததும் பார்க்கர் நேராக மனோதர்மத்தில் இறங்கிவிடுகிறார். மூன்று நிமிடங்கூட ஓடாத அந்த வாசிப்புதான் ‘கோ-கோ’. ஜாஸ் இசையின் போக்கையே திருப்பிய பதிவுகளில் ஒன்று. மேலே கேட்பதெல்லாம் புதிது. அடியில் ஓடுவது மட்டும் செரோக்கியின் அதே கார்ட் வரிசை.

சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு ஸ்வரங்களைத்தான் கார்ட் என்கிறோம். கிடாரை மீட்டிக்கொண்டே ஒருவர் பாடும்போது அவர் விரல்கள் மாறிமாறிப் பிடிப்பது இதைத்தான். எந்தக் கார்டுக்குப் பின் எது வரும், ஒவ்வொன்றும் எத்தனை அடி நிற்கும் என்ற ஒழுங்கு கார்ட் வரிசை. மெட்டு அதன்மேல் நடக்கும். பழைய மெட்டுக்குப் புதுச் சொல் கட்டுவது நமக்குப் பழகியதுதான். நந்தனார் சரித்திரத்தின் மெட்டில் பாட்டெழுதிய பாரதி, வர்ணமெட்டு இன்னது என்று குறித்தும் வைத்தார். ஜாஸ் கலைஞர்கள் செய்தது வேறு. சொல்லையும் மெட்டையும் கழற்றிவிட்டு, கார்ட் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொரு மெட்டு கட்டினார்கள். ஆய்வாளர்கள் இதைக் ‘கான்ட்ராஃபேக்ட்’ என்கிறார்கள். இரவல் என்றும், திருட்டு என்றும்கூட இதைச் சொல்பவர்கள் உண்டு. முழுமையான சொந்தப் படைப்பு என்பதே என் கட்சி.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 1930இல் ‘கேர்ல் கிரேஸி’ என்ற இசை நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் அமைத்த ‘ஐ காட் ரிதம்’. அதன் தொடக்கம் ப, த, ஸ, ரி என்று நான்கே ஸ்வரங்களில் ஏறி, ரி, ஸ, த, ப என்று வந்த வழியே இறங்குகிறது. குழந்தையும் பாடிவிடும். நான்கு அடி கொண்ட ஒரு கட்டத்தை ‘பார்’ என்பார்கள். கெர்ஷ்வின் கடைசியில் சேர்த்திருந்த இரண்டு பாரை வெட்டிவிட்டு, 32 பார் கொண்ட சுற்றாக இதை ஜாஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘ரிதம் சேஞ்சஸ்’ என்று சொன்னாலே போதும், இந்த வரிசை என்று எல்லோருக்கும் புரியும். 1940இல் டியூக் எலிங்டன் இதன்மேல் ‘காட்டன் டெய்ல்’ கட்டினார். பின்னர் பார்க்கரும் கில்லெஸ்பியும் ‘ஆந்த்ரபாலஜி’ கட்டினார்கள். 1954இல் சானி ராலின்ஸின் ‘ஓலியோ’ வந்தது. ஓலியோவைக் கேட்டால் மெட்டு துண்டுதுண்டாகத் தெறிக்கிறது. மௌனமும் அதில் ஒரு ஸ்வரம்போல நிற்கிறது. சுற்றின் நான்கு பகுதிகளில் மூன்றாவதன் எட்டு பாருக்கு ராலின்ஸ் மெட்டே எழுதவில்லை. அந்த இடம் அப்போதைக்கப்போது வாசிப்பவரின் கற்பனைக்கு. கெர்ஷ்வினின் ஏறியிறங்கும் நான்கு ஸ்வரங்களுக்கும் இதற்கும் என்ன உறவு? கார்ட் வரிசைதான் மெட்டைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த நான்கு பாடல்களும் ஒரு தாய் பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், அவற்றின் அடித்தளம் ஒன்று என்று கண்டுபிடிக்கவே மாட்டார்.

காசு மிச்சம் பிடிக்கத்தானே செய்தார்கள் என்று கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை மெட்டையும் சொல்லையும் காக்கும். வெறும் கார்ட் வரிசையைப் பெரும்பாலும் பொதுச்சொத்தாகவே பார்க்கும். பழைய மெட்டைப் பதிவுசெய்தால் அதன் உரிமையாளருக்குப் பணம் போகும். புது மெட்டானால் போகாது. சிறிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் சிக்கனம் மட்டுமே நோக்கமென்றால் ஏதோ ஒரு மெட்டு போதுமே. 1917இல் வந்த ‘இண்டியானா’வின் வரிசைமேல் 1947இல் பதிவான ‘டோனா லீ’யைப் பாருங்கள்: மூச்சுவிட இடமில்லாமல் வளைந்து வளைந்து ஓடுகிற மெட்டு. பார்க்கர் பெயரில் வெளியான அதை, தான் எழுதியது என்றார் மைல்ஸ் டேவிஸ். ஜாக்கோ பஸ்டோரியஸ் 1976இல் தன் முதல் ஆல்பத்தைத் திறந்தது இந்த மெட்டை பேஸ் கிடாரில் வாசித்துத்தான். இண்டியானாவை நினைத்து யாரும் அதைக் கேட்பதில்லை. தவிர, காசைவிட வலுவான காரணமும் இருந்தது. ஹார்லெமின் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் போன்ற இடங்களில் இரவில் கூடியவர்கள் ஒத்திகை பார்த்தவர்கள் அல்ல. எல்லோர் விரலிலும் ஏற்கெனவே இருக்கும் வரிசை என்றால் மேடையேறிய நொடியே சேர்ந்து வாசிக்கலாம்; புதுமைக்கான முழுக் கவனமும் மெட்டுக்குக் கிடைக்கும்.

எனக்குச் சங்கடம் தரும் எதிர்வாதம் வேறொன்று. எல்லாக் கார்ட் வரிசையும் தெருவில் கிடப்பதல்ல. 1940இல் மார்கன் லூயிஸ் அமைத்த ‘ஹவ் ஹை த மூன்’ மேஜர் கார்டில் தொடங்குகிறது. அது மைனராக நிறம் மாற, அந்த மாற்றத்தின் வழியே ஆதார சுருதியே ஒரு படி கீழிறங்குகிறது. நான்கு பார் கழித்து இன்னொரு படி. ஒருவர் உட்கார்ந்து யோசித்த அழகு அது. அவருக்கு ஒன்றுமே சேராதா? பணம் வேண்டாம் என்றே சொல்வேன். 2023இல் பாடகர் எட் ஷீரன்மேல் நியூயார்க்கில் நடந்த வழக்கில், ‘லெட்ஸ் கெட் இட் ஆன்’ பாட்டின் கார்ட் நடையை அவர் எடுத்துக்கொண்டார் என்பதும் குற்றச்சாட்டின் ஒரு பகுதி. நடுவர்கள் அவர் நகலெடுக்கவில்லை என்றார்கள். கார்டுகளுக்கு வேலி போட்டால் அடுத்த தலைமுறை கைவைக்க இடமிருக்காது. ஆனால் பெயரைச் சொல்லலாம், சொல்லியிருக்க வேண்டும். மெட்டின் பெயருக்குப் பக்கத்தில் மூலப்பாட்டின் பெயரைப் போட இசைத்தட்டு உறையில் இடமில்லாமலா போயிற்று?

அந்தக் குறையைப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் குரலாலேயே தீர்த்தார். பார்க்கர் தான் 1942இல் வாசித்த ஒரு ஸ்வரத்தொடரிலிருந்து பென்னி ஹாரிஸோடு சேர்ந்து வளர்த்த ‘ஆர்னிதாலஜி’, லூயிஸின் அந்த வரிசைமேல்தான் நிற்கிறது. 1960இல் பெர்லின் மேடையில் ஃபிட்ஸ்ஜெரால்ட் ‘ஹவ் ஹை த மூன்’ பாடுகிறார். சொற்கள் முடிந்து ஸ்வரமாக மட்டும் பாடத் தொடங்கும் இடத்தில் ஆர்னிதாலஜியின் மெட்டு அவர் வாயிலிருந்து வருகிறது. பின்னால் வாசிப்பவர்கள் ஒரு கார்டைக்கூட மாற்றவில்லை.