புது வண்டிக்கு முதல் சர்வீஸ்: கடை வாசலில் செய்யக் கூடியதும் கூடாததும்

மளிகை வியாபாரிக்கு இரு சக்கர வண்டி என்பது தராசு, கல்லாப்பெட்டி போலக் கடையின் ஒரு உறுப்பு. மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுத்து வருவதும், வாடிக்கையாளர் வீட்டில் அரிசி மூட்டையை இறக்குவதும், சாயங்காலம் பாக்கி வசூலுக்குப் போவதும் அதில்தான். 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த காலம் தொட்டு, 2015ல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்த எக்ஸ்.எல். 100 வரை, நம்மவர்களின் மூட்டைகளைச் சுமந்தவை பெரும்பாலும் இந்த மொபெட்டுகளே. சற்று வசதி உள்ளவர்கள் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். எதுவானாலும், புது வண்டி வாங்கிய முதல் இரண்டு மாதத்தில் அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் பெருமளவு அடங்கியிருக்கிறது.

முதல் சர்வீஸ் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. புது வண்டிதானே, அதில் என்ன கெட்டுப் போயிருக்கும் என்பது அவர்கள் வாதம். கெட்டுப் போனதைச் சரி செய்ய அல்ல இந்த சர்வீஸ். புது எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும், கியர் பற்களும், கிளட்ச் தட்டுகளும் ஒன்றோடொன்று உரசித்தான் பொருந்துகின்றன. புது அம்மியும் குழவியும் முதலில் கல் மாவு விடுவதில்லையா, அதுபோல இங்கே உலோகத் தூள் உதிர்கிறது. அந்தத் தூள் ஆயிலோடு கலந்து சுற்றி வருகிறது. முதல் ஆயிலை வடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அதை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால் புது உறுப்புகளையே அது அரிக்கும். கூடவே, தொழிற்சாலையில் முடுக்கிய நட்டுகள் அதிர்வில் சற்றுத் தளர்கின்றன, கேபிள்கள் நீள்கின்றன, சக்கரக் கம்பிகள் இடம் பிடிக்கின்றன, செயின் தொய்கிறது.

எப்போது செய்வது? பெரும்பாலான கம்பெனிகள் 500 முதல் 750 கி.மீ.க்குள் என்கின்றன, சில 1000 கி.மீ. வரை இடம் தருகின்றன. கூடவே இத்தனை நாளுக்குள் என்ற கெடுவும் உண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. தினம் 25 கி.மீ. ஓடும் வண்டி 30 நாளில் 750 கி.மீ.யைத் தொட்டுவிடும். கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டிக்குக் கி.மீ. ஆகாது, நாள் ஆகிவிடும். மீட்டரை மட்டும் பார்த்துக் கொண்டிருந்து கெடுவைத் தவற விடுபவர்கள் இந்த இரண்டாவது ரகத்தினரே.

கூப்பனை என்ன செய்வது?

வீட்டிலேயே செய்யலாமா என்ற கேள்விக்கு முன், வாரண்டியைப் பற்றிப் பேசியாக வேண்டும். இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் மற்ற பொருளுக்கும் பணம் கட்டத்தான் வேண்டும். எனவே நாமே செய்தால் மிச்சமாவது பணம் அல்ல, நேரம். வானூர் வட்டத்து வியாபாரி ஒருவர் வண்டியை சர்வீசுக்கு விட புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போனால் அன்று பாதி நாள் வியாபாரம் போயிற்று. இது சிறு நஷ்டமல்ல என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் எதிர்த்தட்டையும் பார்க்க வேண்டும். குறித்த காலத்தில், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்து கூப்பனில் முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது வாரண்டி அட்டையில் வழக்கமாகக் காணும் நிபந்தனை. 2014ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது அபராதம் விதித்தபோது, வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கும் வழக்கத்தையும் கண்டித்தது. அது கார்களைப் பற்றிய வழக்கு, மேல்முறையீட்டுக்கும் போனது. அதை நம்பி மொபெட் கூப்பனைக் கிழித்துப் போட முடியாது. பிற்பாடு எஞ்சினில் கோளாறு வந்தால் பல ஆயிரம் ரூபாய் வேலையை இலவசமாகக் கேட்கும் உரிமை அந்த ஒரு முத்திரையில் தொங்குகிறது.

ஆகவே என் யோசனை இதுதான். வாரண்டியில் உள்ள வண்டிக்கு முதல் கூப்பனை விடாதீர்கள். புதுச்சேரிக்குச் சரக்கு எடுக்கப் போகும் நாளோடு சேர்த்து முன்கூட்டியே நேரம் சொல்லி வைத்தால் நாள் வீணாகாது. ஆயில் மாற்றுவது தவிர்த்த மற்றப் பராமரிப்பைக் கடை வாசலில் நாமே செய்யலாம். அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. கூப்பன் கெடு ஏற்கெனவே முடிந்து போனவர்களும், வாரண்டி போனாலும் பரவாயில்லை என்று தீர்மானித்தவர்களும் ஆயிலையும் தாமே மாற்றலாம். அப்படிச் செய்தால் ஆயில் வாங்கிய ரசீதைத் தேதியோடும் மீட்டர் எண்ணோடும் பத்திரப்படுத்துங்கள்.

ஆயில் மாற்றும் முறை

முதலில் வண்டியோடு தந்த கையேட்டை எடுங்கள். எந்த எண் ஆயில், எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. அளவு பெரும்பாலும் இரண்டு விதமாகப் போட்டிருக்கும்: எஞ்சினை முழுதும் பிரித்து மாட்டினால் ஒரு அளவு, வெறும் ஆயில் மாற்றத்துக்குச் சற்றுக் குறைந்த அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. கார் ஆயில், டீசல் எஞ்சின் ஆயில் எதையும் ஊற்றக் கூடாது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. வழுக்கல் கூடுதலான ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டின்னின் மூடியும் முத்திரையும் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ரசீது தரும் கடையில் வாங்குங்கள். போலிச் சரக்கு எப்படிச் சந்தைக்கு வருகிறது என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் எளிதில் வடியும், தூளையும் சேர்த்துக் கொண்டு வரும். நீண்ட தூரம் ஓடி வந்த உடனே கை வைத்தால் சுட்டுவிடும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடியில் அகலமான தட்டு வைத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திவிட்டு, எஞ்சின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைச் சரியான ரிங் ஸ்பானரால் கழற்றவும். அளவு மாறிய ஸ்பானரோ கட்டிங் பிளையரோ கொண்டு திருகினால் போல்ட்டின் தலை மழுங்கும். போல்ட்டோடு இருக்கும் வாசரைத் தவற விடாதீர்கள். பழைய எண்ணெயில் கிடந்து தேடுபவர்கள் அநேகர். ஆயில் வடிகட்டி வலை உள்ள வண்டியானால் அதையும் கையேட்டின்படி எடுத்துக் கழுவலாம்.

முழுவதும் வடிந்த பிறகு போல்ட்டை முதலில் விரலாலேயே திருகி ஏற்ற வேண்டும். எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏற்றி ஸ்பானரால் அழுத்தினால் மரை போய்விடும். ஒரு டின் ஆயில் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சின் கேசையே கழற்ற வேண்டி வரும். விரலுக்கு இறுகிய பின் ஸ்பானரால் அளவாக ஒரு முடுக்கு போதும்; பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.

புது ஆயிலைச் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவுக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வகை வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். மற்றவற்றுக்குக் கையேடு என்ன சொல்கிறதோ அது. மேல்கோட்டுக்கு மேல் போகக் கூடாது. நெய் போலக் கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

செயினும் உப்பும்

நம் பகுதிக்கு மட்டும் உரிய விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கே மரக்காணம் உப்பளங்களும் கழுவெளியும். மேற்கே திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகள். ஒரு பக்கம் உப்புக் காற்று, மறு பக்கம் கல் தூசி. இரண்டுக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு, உள்நாட்டு வண்டிக்காக அச்சடித்த கையேட்டின் கெடு போதாது.

உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கல் உப்பு மூட்டையை மழைக்காலத்தில் கடையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தரை எப்படிக் கசிகிறது என்று. அதே மூட்டையை வண்டியின் கேரியரில் வைத்துக் கட்டும்போது கசியும் உப்பு நீர் செயின் மேலும், சக்கரக் கம்பி மேலும், மட்கார்டின் உள்பக்கமும் சொட்டுகிறது. புது வண்டியாயினும் மழைக்காலம் ஒன்று கழிந்தால் போதும், செயின் செம்பழுப்பாகிவிடும். உப்பு ஏற்றுவதென்றால் மூட்டைக்கு அடியில் தார்ப்பாயோ கெட்டி பாலிதீனோ மடித்துப் போடுங்கள். ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்க்காரர்கள் குடிநீரில் இரண்டு குடம் இதற்குச் செலவிடுவது தகும். உவர் நீரில் கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். குழாய் வைத்துப் பீய்ச்சும் வேகத்தைச் சக்கர நடுவிலும், சைலன்சர் வாயிலும், மின் இணைப்புகளிலும் காட்டக் கூடாது.

கழுவிக் காய்ந்த செயினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு துடைத்து, 90ஆம் நம்பர் கியர் ஆயிலையோ செயினுக்கென்று விற்கும் ஸ்பிரேயையோ உள்பக்கமாக விடுங்கள். பெட்ரோல் வேண்டாம். வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்குத் தடவும் வழக்கம் கிராமங்களில் இன்றும் உண்டு. உலோகத் தூள் நிறைந்த அந்த ஆயில் குவாரித் தூசியோடு சேர்ந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போல் ஆகும்.

செயின் தொய்வை அதன் கீழ்ப்பக்கத்து நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. அசைய வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, எந்த இடத்தில் அதிக இறுக்கமோ அங்கே அளவு எடுங்கள். மூட்டை ஏறும்போது பின் ஷாக் அமுங்கிச் செயின் மேலும் இழுபடும். ஆகவே வெறும் வண்டியில் கிண்ணென்று இறுக்கி வைத்தவர்கள் பாரம் ஏற்றியதும் பேரிங்கைக் கெடுக்கிறார்கள். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அடையாளக் கோடும் ஒன்றாக வரும்படி நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஒரு கோடு முன்பின் ஆனாலும் சக்கரம் கோணும்.

செயினைச் சரி செய்தால் சக்கரம் பின்னுக்கு நகர்ந்திருக்கும். பின் பிரேக்கும் மாறியிருக்கும். எனவே பிரேக்கை அதற்குப் பிறகே பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே லிவரோ பெடலோ இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும் இணைந்த பிரேக் முறை கட்டாயம். பின் பிரேக்கை மட்டும் முறுக்கிவிட்டு முன்பக்கத்தை மறந்தால் அந்த முறை சரிவர வேலை செய்யாது. இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றி, பிடிக்காதபோது உரசல் இல்லாமல் ஓடுகிறதா, பிடித்தவுடன் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு காலியாகவும், பாதிச் சரக்கோடும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூட்டையோடு ஏறுவது அதற்குப் பிறகுதான்.

டயர் காற்றுக்கும் கையேட்டில் தனியாளுக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என இரண்டு கணக்கு இருக்கும். தினம் மூட்டை ஏற்றும் நமக்கு இரண்டாவதுதான். கேரியர், ஸ்டாண்ட், சைலன்சர் நட்டுகளை ஒரு சுற்று முடுக்கி, வெளியே தெரியும் மரைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் போதும்.

தொடக் கூடாதவையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்துள்ள பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைச் செலுத்துபவை. பழைய கார்புரேட்டர் போல் திருகி ஐடிலிங் வைக்கும் வேலை அவற்றில் கிடையாது. மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டர்தான் வழி. ஏர் ஃபில்டரும் அப்படியே: ஸ்பாஞ்சு வகையானால் கழுவலாம், எண்ணெய் பூசிய காகித வகையைக் கழுவவும் கூடாது, காற்றடித்து ஊதவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். அது கடைசியில் போய்ச் சேருமிடம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். ஆயில் வந்த டின்னிலேயே மூடி எடுத்து வைத்து, அடுத்த முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது அங்குள்ள பீப்பாயில் ஊற்றச் சொல்லுங்கள். பேரேட்டில் வண்டிக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, மீட்டர் எண், ஆயில் பெயர், செலவு, அடுத்த கூப்பன் கெடு ஆகியவற்றை அன்றே எழுதி, ரசீதை அதே பக்கத்தில் ஒட்டி விடுங்கள்.