காக்கிச் சட்டைக் கல்யாணி

"அம்மா, நான் போலீஸ் பரீட்சை எழுதப்போறேன்!" என்று மகள் சொன்னதும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. "பொம்பளைப் பிள்ளை ராத்திரியிலே ரோட்டிலே நின்னு லாரியை மறிக்கிறதா? நல்லாயிருக்கு!" என்றார் என் மாமியார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 'உடான்' ஞாபகம் வந்தது. 1989-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய இந்தித் தொடர். அப்போது நான் பள்ளிக்கூடச் சிறுமி. தளவாய்புரத்தில் பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்ப்போம். பாஷை புரியாது. ஆனால் கல்யாணி காக்கிச் சட்டையில் வந்தால் நாங்களும் நிமிர்ந்து உட்காருவோம்!

கல்யாணியாக நடித்து, கதை எழுதி, இயக்கியவர் கவிதா சௌத்ரி. 'சர்ஃப்' விளம்பரத்து லலிதாஜியும் அவரேதான்! தம் அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையைத்தான் கதையாக்கினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1973-ல் ஐ.பி.எஸ். தேறிய அந்த அக்கா, 2004-ல் இன்றைய உத்தரகண்டின் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அக்கா 2019-லும் தங்கை 2024-லும் காலமாகிவிட்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் 1973-லேயே பெண்கள் போலீசில் சேர்ந்தார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-ல் லத்திகா சரண் டி.ஜி.பி. ஆனார். 2023-ல் பெண் போலீசுக்குப் பொன்விழா எடுத்தபோது, காலை 7 மணி ரோல்காலை அவர்களுக்கு 8 மணியாக மாற்றுவதாக அறிவித்தார்கள். பிள்ளைக்குத் தலைசீவி, சோறு கட்டிக்கொடுத்துவிட்டு ஓடுகிற அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிசு!

மறுநாள் மெதுவாகப் பேச்செடுத்தேன். "அத்தை, தென்காசி ரோட்டிலே நடுராத்திரி கார் கவுந்தா, அடிபட்டுக் கிடக்கிற பொம்பளையைத் தூக்கிவிட ஒரு பொம்பளை வேண்டாமா?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நல்லாச் சாப்பிடச் சொல்லு. எலும்பும் தோலுமா இருந்தா எப்படி ஓடுவா?" என்றார்.

ஓடத்தான் வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம், இரண்டரை நிமிஷத்துக்குள். உயரம் பொதுவாக 159 செ.மீ. வேண்டும். உயரம் இவளுக்கு இருக்கிறது. தெம்புக்கு காலையில் கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பயறு, ஒரு முட்டை கொடுக்கிறேன்.

விடியற்காலையில் அவள் ஓடும்போது கடிகாரத்தோடு நான் மைதானத்து ஓரத்தில் நிற்கிறேன். பயம் போய்விட்டதா? இல்லை, சகோதரிகளே. ஆனால் என் பயத்துக்காக அவள் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?